தெற்கத்திய சிறு பனிச்சறுக்குத் தளங்கள்: போய்வந்தவர்கள் சொல்வதில் எதை நம்புவது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அமெரிக்காவின் சார்லட் நகரில் வசிக்கிறீர்கள், குடும்பத்தில் எவரும் இதுவரை ஸ்கீ (பனியில் சறுக்கக் காலில் மாட்டும் பலகை) அணிந்ததில்லை, ஆறு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மேற்கு வட கரோலினாவின் சிறிய பனிச்சறுக்குத் தளங்களில் ஒன்றுக்கு ஒருநாள் போய்வர நினைக்கிறீர்கள். ஆனால் போய்வந்தவர்கள் எழுதியிருப்பதைப் படித்தால், ஒரே இடத்தைப் பற்றி, சில வேளைகளில் ஒரே வாரத்துக்குள்ளேயே, ஒரு சாரார் ஐந்து நட்சத்திரமும் மறு சாரார் ஒற்றை நட்சத்திரமும் கொடுத்திருக்கிறார்கள். இவர்களில் யாரை நம்புவது, பணத்தைச் சேர்த்து வைத்து என்றாவது கொலராடோவுக்கே போய்விடுவது மேலல்லவா என்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஓர் இடத்தின் தரத்தைப் பற்றிய கேள்வி. அந்த இரண்டு அனுபவங்களில் எது உங்களுக்கு வாய்க்கும், அதை முன்கூட்டியே ஓரளவேனும் தீர்மானிக்கும் வழி உங்கள் கையில் உண்டா என்பதே உங்கள் மனத்தில் உள்ள உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

அந்த மலைகளில் பல குளிர்காலங்களாக வார இறுதிகளில் தொடக்கநிலையினருக்கு ஸ்கீ கற்றுக்கொடுத்து வருகிறேன். எந்தத் தளத்தில் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் இந்தப் பதில் ஓரிடத்துக்கான பரிந்துரையாக ஆகிவிடும். என் பார்வை முழுவதும் முதல்முறை வருபவர்களைச் சார்ந்தது என்பதையும் நினைவில் வைத்துப் படியுங்கள். என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த இரு சாராரும் பெரும்பாலும் உண்மையையே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் இடத்தை மதிப்பிடுவதாக எண்ணிக்கொண்டு, தாங்கள் போன நாளையும் போன மணியையும் மதிப்பிட்டிருக்கிறார்கள். தெற்கத்திய மலைகளில் நாளுக்கும் நாளுக்கும் உள்ள வேறுபாடு தளத்துக்கும் தளத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது. ஆகவே எங்கே போவது என்று யோசிப்பதில் செலவிடும் கவனத்தில் பாதியை என்று போவது, எத்தனை மணிக்குப் போவது என்பதில் செலுத்தினால் உங்கள் நாள் நன்றாக அமைய வாய்ப்பு மிக அதிகம்.

இது ஏன் என்று விளங்க, அந்த இடங்கள் எப்படி உண்டாயின என்பதைக் கொஞ்சம் அறிய வேண்டும். மேகி வேலி என்ற ஊருக்கு மேலே உள்ள கேட்டலூச்சி 1961-இல் ஒரு பண்ணை விடுதியின் நிலத்தில் தொடங்கியது. வட கரோலினாவின் முதல் பனிச்சறுக்குத் தளம் அதுவே. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1959-இல், வர்ஜீனியாவின் ஹோம்ஸ்டெட் விடுதியில் ஆஸ்திரியரான செப் கோபர் ஒரு தளத்தை அமைத்திருந்தார். தெற்கத்தியப் பனிச்சறுக்கின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். ப்ளோயிங் ராக் அருகிலுள்ள அப்பலாச்சியன் 1962-இலும், பீச் மலை 1967-இலும், ஷுகர் மலை 1969-இலும் வந்தன. இவை எல்லாம் ஏறக்குறைய ஒரே பத்தாண்டில் முளைத்ததற்குக் காரணம் இயற்கையன்று, இயந்திரம். 1950-இல் கனெக்டிகட்டில் மூன்று பொறியாளர்கள் அழுத்தக் காற்றையும் நீரையும் சேர்த்துப் பீய்ச்சிப் பனி உண்டாக்கும் கருவியைச் செய்தார்கள். அந்தக் கருவி இல்லையென்றால் இந்த அட்சரேகையில், இந்த உயரத்தில், ஸ்கீத் தொழில் நடத்த முடியாது. கேட்டலூச்சியின் உச்சி 5,400 அடி, அடிவாரம் 4,660 அடி. சறுக்கும் உயரம் 740 அடிதான். காஷ்மீரின் குல்மார்க் இதைவிடச் சற்றே தெற்கில் இருந்தும் அங்கே ஆளுயரத்துக்குப் பனி விழுவதற்குக் காரணம், அதன் அடிவாரமே 8,500 அடிக்கு மேல் இருப்பதுதான். நம் மலைகளுக்கு அந்த உயரம் இல்லை. பீச் மலையில் ஆண்டுக்குச் சராசரியாக 80 அங்குல அளவில் பனி விழுகிறது; யூட்டாவின் ஆல்ட்டாவில் அது 500 அங்குலத்தைத் தாண்டும். ஆகவே தெற்கில் நீங்கள் சறுக்கப்போவது பெரும்பாலும் இரவில் இயந்திரங்கள் உண்டாக்கிய பனியின் மீது.

இயந்திரப் பனிக்கு வேண்டியது குளிர் மட்டுமன்று, உலர்ந்த குளிர். பீய்ச்சப்படும் நீர்த்துளி தரையில் விழுமுன் உறைய வேண்டும். உறைவதற்கு அது தன் வெப்பத்தை இழக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை ஆவியாதல் மூலமாக இழக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பானை சரியாகக் குளிர்விக்காததும் இதனால்தான். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அது மைனஸ் 2 அல்லது மைனஸ் 2.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால்தான் பனி உண்டாக்குவது பயனுள்ள வேலையாகிறது. காற்றின் வெப்பநிலை சரியாக 0 டிகிரி இருக்கும் ஓர் இரவில் ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் அளவு மைனஸ் 3-ஐத் தொடும், இயந்திரங்கள் ஓடும். அதே 0 டிகிரியில் ஈரப்பதம் 95 விழுக்காடு என்றால் இயந்திரங்களை நிறுத்திவிடுவார்கள். சார்லட்டில் இருந்துகொண்டு, இன்று நன்றாகக் குளிர்கிறதே, மலையில் பனி நிறைய இருக்கும் என்று கணக்குப் போடுவது இதனால்தான் தவறிப்போகிறது. ஓர் ஏக்கர் சரிவை ஓரடிப் பனியால் மூட ஏறக்குறைய 6 இலட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். கேட்டலூச்சியில் சறுக்கும் பரப்பு 50 ஏக்கர் அளவில் இருக்கிறது. எல்லாச் சரிவுகளையும் மூட எத்தனை நல்ல இரவுகள் வேண்டும் என்று நீங்களே ஊகிக்கலாம். "பாதிச் சரிவுகள்தான் திறந்திருந்தன" என்ற குறையின் பின்னால் பெரும்பாலும் போதுமான இரவுகள் கிடைக்காத ஒரு டிசம்பர் மாதம் இருக்கும்.

இப்படிச் சேர்த்த பனியைத் தின்பது வெயில் என்று பலரும் நினைக்கிறார்கள். உலர்ந்த, வெயிலடிக்கும் 8 டிகிரி நாளை அந்தப் பனி பெருமளவு தாங்கிவிடும். அதைத் தின்பது மழையும், அதைவிட மோசமாக, வெதுவெதுப்பான மூடுபனியும். காற்றிலுள்ள நீராவி பனியின் மேல் படிந்து நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது. ஒரு கிராம் நீராவி அப்படிப் படிந்தால் ஏழு கிராமுக்கும் மேலான பனி உருகும். தென் அப்பலாச்சியத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று மேலேறி வரும் இரண்டு நாட்கள் ஒரு வார உழைப்பைக் கரைத்துவிடும். அதன்பின் வடமேற்கிலிருந்து குளிர்காற்று வந்ததும் நனைந்த பனி கல்லாக இறுகும். "பனியே இல்லை, வெறும் ஐஸ்" என்று எழுதுபவர்கள் வந்திருப்பது இந்த மாதிரி நாளின் மறுநாள் காலையில்தான்.

இது போதாதென்று ஒரே நாளுக்குள்ளும் மாற்றம் உண்டு. இயந்திரப் பனி இயற்கைப் பனியைப்போல் கிளை விட்ட படிகமன்று. உருண்டையான சிறு மணி. புதிதாக விழுந்த இயற்கைப் பனியைவிட நான்கைந்து மடங்கு அடர்த்தியானது. அதனால் நீடித்து நிற்கும், ஆனால் பகலில் மேற்பரப்பு ஈரமாகி இரவில் இறுகும். இரவு முழுவதும் பட்டைச் சக்கர வண்டிகள் சரிவைச் சீவிக் கோடு கோடாகச் செப்பனிட்டு வைக்கும். காலை ஒன்பது மணிக்கு அது உறுதியாக, சில நாட்களில் கடினமாகவே இருக்கும். பத்து மணியிலிருந்து பிற்பகல் ஒரு மணிவரை தொடக்கநிலையினருக்கு மிக இணக்கமான நிலை. மூன்று மணிக்குமேல் நூற்றுக்கணக்கானோர் இழுத்துத் தள்ளிய பனி குவியல்களாகவும் இடையிடையே வழவழப்பான திட்டுகளாகவும் மாறியிருக்கும். பல தளங்களில் மாலை நாலரை மணிவாக்கில் பகல் அமர்வை முடித்து, மறுபடி செப்பனிட்டு, ஆறு மணிக்கு இரவு அமர்வைத் தொடங்குவார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து, சாதனங்கள் வாங்க ஒரு மணி நேரம் நின்று, மூன்று மணிக்குச் சரிவில் ஏறியவரும், அதே நாளில் எட்டரைக்கே வந்து நின்றவரும் ஒரே இடத்தைப் பார்த்ததாகச் சொல்லவே முடியாது.

இத்தனையும் தெரிந்தபின் போய்வந்தவர்களின் எழுத்தைப் படிக்க நான் ஒரு முறையைப் பரிந்துரைக்கிறேன். நட்சத்திரங்களை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள். கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம், ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறையை ஒட்டிய வார இறுதி, பிப்ரவரியில் குடியரசுத் தலைவர்கள் தின வார இறுதி: இம்மூன்றிலும் எந்தத் தளமும் திணறும், அந்நாட்களில் எழுதப்பட்ட கூட்டம், காத்திருப்பு, வாகன நிறுத்தம் பற்றிய குறைகள் உண்மையே என்றாலும், உங்கள் நாளைப் பற்றி அவை எதையும் சொல்லவில்லை. மாறாக, ஜனவரி மாதத்துச் சாதாரணச் செவ்வாய்க்கிழமையிலும் வாடகைச் சாதனக் கூடம் ஒழுங்கின்றி இருந்தது, கழிவறை மோசம், வழிகாட்டப் பணியாளர் இல்லை என்று மூன்று பருவங்களாக வெவ்வேறு ஆட்கள் எழுதியிருந்தால் அது அந்த இடத்தின் குணம்; அதை நம்புங்கள். புகழ்ச்சிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அந்த மலையைத் தவிர வேறெதையும் பார்த்திராத, வாரநாள் இரவில் பருவச் சீட்டோடு வந்துபோகும் உள்ளூர்க்காரரின் ஐந்து நட்சத்திரம் நேர்மையானதுதான். ஆனால் முதல்முறை வரும் குடும்பத்துக்கு எது கடினம் என்பது அவருக்கு மறந்துபோயிருக்கும். நான் அதிக மதிப்புக் கொடுப்பது, குழந்தைகளோடு முதல்முறை வந்து, தேதியும் மணியும் குறிப்பிட்டு, என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதும் மூன்று அல்லது நான்கு நட்சத்திரக்காரர்களுக்குத்தான்.

பணியாளர்களின் நடத்தை பற்றிய குறைகளில் மட்டும் என்னால் உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல இயலாது. நானும் அந்தப் பக்கத்து ஆள் என்பது ஒரு காரணம். மற்றொன்று, இங்கே வேலை செய்பவர்களில் பெரும்பகுதி நான்கு மாதங்களுக்கு மட்டும் சேரும் மாணவர்களும் உள்ளூர் இளைஞர்களும். டிசம்பரில் தடுமாறும் ஒரு குழு பிப்ரவரியில் தேர்ந்திருப்பதுண்டு. ஆகவே சென்ற ஆண்டின் கசப்பான அனுபவம் இந்த ஆண்டுக்குப் பொருந்தும் என்றோ பொருந்தாது என்றோ யாரும் சொல்ல முடியாது.

நாளைத் தேர்வதற்கு வருவோம். பருவம் பெரும்பாலும் நவம்பர் நடுவிலோ இறுதியிலோ தொடங்கி மார்ச் நடுவில் முடியும். இவற்றில் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை உள்ள காலத்தை, மேலே சொன்ன விடுமுறைகளைத் தவிர்த்து, எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி ஆசிரியர் பணிநாள் விடுமுறை விழும் வாரநாள் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. வார இறுதிதான் முடியும் என்றால் சனியைவிட ஞாயிறு மேல். மூன்று வாரங்களுக்கு முன்பே நாள் குறித்துச் சீட்டு வாங்கினால் விலை குறையலாம். ஆனால் மூன்று வாரத்துக்கு அப்பாலான மலை வானிலையை எவராலும் சொல்ல முடியாது. மழைக்காகப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பது தளத்துக்குத் தளம் வேறுபடும், பெரும்பாலும் கிடைக்காது. வாங்குமுன் அந்தச் சிறு எழுத்துகளைப் படித்துவிடுங்கள். என் தனிப்பட்ட கருத்து, இரண்டு மூன்று நாட்களை மனத்தில் வைத்திருந்து, நான்கு நாட்களுக்கு முன் முன்னறிவிப்பைப் பார்த்து முடிவெடுப்பது. கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் நல்ல நாளை வாங்குகிறீர்கள். தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் ஊரின் பெயரைத் தட்டாமல் வரைபடத்தில் மலையின் மீதே சொடுக்கினால் அந்த உயரத்துக்கான முன்னறிவிப்பு வரும்; பள்ளத்தாக்கு ஊருக்கும் உச்சிக்கும் வேறுபாடு மிகுதி. அதில் மூன்று இரவுகள் தொடர்ந்து மைனஸ் 4-க்குக் கீழே, வறண்ட காற்று என்று இருந்து, அடுத்த பகல் தெளிவாக இருந்தால் புறப்படுங்கள். தளங்கள் தம் சரிவுகளை நேரடியாகக் காட்டும் கேமராக்களை வைத்திருக்கின்றன. பனியின் ஆழம் எத்தனை அங்குலம் என்ற அறிவிப்பைவிட, எத்தனை சரிவுகள் திறந்திருக்கின்றன, கேமராவில் இரண்டு ஓரங்களும் வெள்ளையாகத் தெரிகின்றனவா என்பதே பயனுள்ள செய்தி.

அடுத்து, வாடகைச் சாதனக் கூடம். முதல்முறை வருபவர்களின் நாள் கெட்டுப்போவது பெரும்பாலும் சரிவில் அன்று, இங்கேதான் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்கு மிக உறுதியாகப் பட்ட விஷயம். பூட்ஸ் பொருந்தவில்லையென்றால் அதற்குமேல் எதுவும் சரியாக நடக்காது. குளிருமே என்று இரண்டு மூன்று காலுறைகளைப் போடாதீர்கள். முழங்கால்வரை வரும் மெல்லிய ஒற்றைக் காலுறை போதும். இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் கூடுதலாகக் குளிரும். கால்சட்டையின் அடிப்பகுதியைப் பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது. நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்சுவரைத் தொட வேண்டும், முழங்காலை முன்னே மடக்கினால் அது விலக வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. பெரியவர்கள் இறுக்கம் பிடிக்காமல் ஓர் அளவு பெரிதாகக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள்; பின்பு ஸ்கீ திரும்ப மறுக்கிறது என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். உங்கள் ஆறு வயதுப் பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால் அப்போதே கூடத்துக்குத் திரும்பி மாற்றிவிடுங்கள். சரிவுக்குப் போனபின் பழகிவிடும் என்று இருக்க வேண்டாம்.

அதே கூடத்தில் ஒரு படிவம் தருவார்கள். வயது, உயரம், எடை, எந்த வகைச் சறுக்குபவர் என்று அதில் கேட்பது சடங்கு அல்ல. விழும்போது பூட்ஸிலிருந்து ஸ்கீ கழன்றுகொள்ளும் பைண்டிங்கின் இறுக்கத்தை அந்த எண்களைக் கொண்டே பணியாளர் நிர்ணயிக்கிறார். எடையைக் குறைத்து எழுதினால் ஸ்கீ தேவையில்லாதபோது கழலும். திறமையைக் கூட்டி எழுதினால் தேவையானபோது கழலாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். எடையை உள்ளபடி எழுதுங்கள். வகை என்ற இடத்தில் நீங்கள், மனைவி, பிள்ளைகள் என நால்வரும் ஒன்றாம் வகை, அதாவது மெதுவாகச் சறுக்கும் தொடக்கநிலையினர், என்றே குறிப்பிடுங்கள். விடுமுறை நாட்களில் இந்தக் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் போவது அரிதன்று. சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்ட் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். உங்கள் ஊரிலேயே, அல்லது மலையடிவாரத்துக் கடைகளில், முந்தைய மாலையே வாடகைக்கு எடுப்பது இன்னும் நிம்மதி. ஆனால் பூட்ஸ் பொருந்தாவிட்டால் மலையில் மாற்ற முடியாது என்ற குறை அதில் இருக்கிறது.

பயிற்சி வகுப்புக்குப் பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் பிழைப்பு அது என்பதால் என் சொல்லைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே கேளுங்கள். ஆனாலும் அழுத்தமாகச் சொல்கிறேன்: நால்வருமே வகுப்பில் சேருங்கள். பெற்றோர் பிள்ளைகளுக்கும் கணவர் மனைவிக்கும் நண்பர் நண்பருக்கும் கற்றுக்கொடுக்க முயன்று, நண்பகலுக்குள் ஒருவர் அழுதுகொண்டும் மற்றவர் கோபத்தோடும் ஒதுங்கி நிற்பதை ஒவ்வொரு வார இறுதியிலும் காண்கிறேன். ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரக் குழு வகுப்பில் நீங்கள் கற்கப்போவது மிகக் குறைவுதான்: பூட்ஸை ஸ்கீயில் மாட்டுவது, தட்டையான இடத்தில் நடப்பது, விழுந்தால் ஸ்கீ சரிவுக்குக் குறுக்கே இருக்கும்படி புரண்டு எழுவது, முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைத்து நிற்பது, ஒரு பக்கக் காலில் எடையை ஏற்றித் திரும்புவது. இந்த ஐந்தும் இல்லாமல் நாற்காலி லிஃப்டில் ஏறிவிட்டவர்களுக்கு இறங்கி வருவது என்பது பயத்தைத் தவிர வேறெதையும் தருவதில்லை. பதினொரு வயதுப் பிள்ளை பிற்பகலுக்குள் எளிய சரிவைக் காட்டும் பசுமை வட்டக் குறி போட்ட சரிவில் தனியே இறங்கக்கூடும். ஆறு வயதுப் பிள்ளை எப்படி இருக்கும் என்று சொல்வதற்கில்லை. சிலர் அரைமணி நேரத்தில் பறக்கத் தொடங்குகிறார்கள், சிலருக்கு இரண்டாவது வருகையில்தான் பிடிபடுகிறது. இரண்டாவது வகைப் பிள்ளையை வற்புறுத்தாமல், தொடக்கச் சரிவின் மேலே கொண்டுசெல்லும் நகரும் கம்பளத்தில் ஏறிச் சறுக்கி இறங்கவிட்டுவிடுங்கள். முதல்நாளே அழுத பிள்ளைகள் மறுமுறை வர மறுப்பதைக் கண்டிருக்கிறேன். அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

கொலராடோவுக்குப் போவது மேலா என்ற கேள்விக்கு இங்கே பதில் வருகிறது. வெய்ல் போன்ற இடத்தில் 5,000 ஏக்கருக்கு மேல் பரப்பும் 3,400 அடிக்கு மேல் சறுக்கும் உயரமும் உண்டு. அவற்றின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் இரண்டு நாட்களில் எந்த மலையிலும் நீங்கள் பயன்படுத்தப்போவது ஒரு சிறு மைதானத்தின் அளவுள்ள தொடக்கச் சரிவை மட்டுமே. சிறிய தளத்தில் அந்தச் சரிவு வாகன நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது அடிவாரத்தில் நின்றாலே தெரிகிறது. ஒருவருக்கு முடியவில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் உள்ளே போய் உட்காரலாம். வழி தவறி வேறு பள்ளத்தாக்கில் இறங்கிவிடும் அச்சம் இல்லை. கற்றுக்கொள்வதற்குச் சிறிய மலை ஒரு குறையே அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பசுமை வட்டம், நீலச் சதுரம், கருப்பு வைரம் என்று சரிவின் கடினத்தை ஏறுவரிசையில் காட்டும் குறிகள் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டு இடப்படுபவை. இங்கே நீலத்தில் இறங்கியவர் மேற்கே போய் நீலத்தில் நேராக ஏறிவிடக் கூடாது.

காயம் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. பொதுவாக ஆயிரம் சறுக்கு நாட்களுக்கு இரண்டு மூன்று காயங்கள் என்ற அளவில் ஆய்வுகள் சொல்லி வந்திருக்கின்றன. ஸ்கீயில் முழங்காலும், இரு கால்களையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்டில் மணிக்கட்டும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. தொடக்கநிலையினரிடம் இது கூடுதல், கடினமான பனிநாளில் இன்னும் கூடுதல். ஹெல்மெட் எல்லாருக்கும் வேண்டும். முதல்நாளுக்கு ஸ்னோபோர்டைவிட ஸ்கீயே எளிது என்று நான் நினைக்கிறேன். இதில் என் சக பயிற்றுநர்கள் சிலர் மாறுபடுவார்கள். உங்கள் மனைவிக்கு முழங்காலில் பழைய வலி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், என்னைப் போன்றவர்கள் சொல்லக் கூடாது. வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால், காற்றடைத்த டியூபில் அமர்ந்து சறுக்கும் இடங்கள் இருக்கின்றன. கேட்டலூச்சிக்கும் அடிவாரத்தில் சில மைல் தள்ளி அப்படி ஒன்று உண்டு. அதற்குத் திறமை எதுவும் தேவையில்லை.

உடையில் ஒரே விதி, ஜீன்ஸும் பருத்தியும் வேண்டாம். நனைந்தால் உலராது, நடுங்கிவிடுவீர்கள். நீர்புகாத கால்சட்டையும் மேலங்கியும் பல இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும், கையுறை கிடைக்காது, வாங்கிவிடுங்கள். துப்பட்டா, நீண்ட கழுத்துத்துணி, தொங்கும் கயிறுகள் லிஃப்டில் சிக்கும் ஆபத்து உண்டு, கட்டாயம் தவிர்க்கவும். சைவ உணவு என்றால் பீட்சாவும் உருளைக்கிழங்கு வறுவலும் தாண்டி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். காரில் கட்டுச்சோறு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தளம் என்று கேட்டால், சார்லட்டிலிருந்து பூன், பேனர் எல்க் பக்கம் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். மேகி வேலி ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஒரே நாளில் போய்வர வேண்டும் என்றால் முதல் திசை வசதி. அங்கே அப்பலாச்சியன் 365 அடி சறுக்கும் உயரம் மட்டுமே கொண்டது, முதல்முறைக் குடும்பங்களுக்கு மிக ஏற்றது; ஷுகர் மலை 1,200 அடி, பிள்ளைகள் தேறியபின் போகலாம். மேகி வேலிக்குப் போவதானால் முந்தைய இரவு அடிவாரத்தில் தங்கிவிடுங்கள். மேலே ஏறும் சாலை செங்குத்தானது, வளைவுகள் மிகுந்தது, புதுப்பனி விழுந்த காலையில் அனுபவமில்லாதவர் ஓட்டக்கூடாத சாலை. 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் இந்த மலைப்பகுதியின் சாலைகளைக் கடுமையாகச் சேதப்படுத்தியது என்பதால் எந்தத் தளத்துக்குப் போனாலும் புறப்படும் காலையில் மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் அம்மா. கொலராடோவைவிட இங்கே அழைத்து வருவது அவருக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. வெய்லின் அடிவாரமே 8,100 அடிக்கு மேல். அந்த உயரத்தில் பெரியவர்களுக்குத் தலைவலியும் தூக்கமின்மையும் மூச்சுத் திணறலும் வருவதுண்டு. நம் தளங்கள் 5,000 அடிக்குக் கீழேதான் தொடங்குகின்றன. ஆனால் அடிவார விடுதிக் கூடங்கள் சிறியவை, சனிக்கிழமை பதினொரு மணிக்குமேல் உட்கார இடம் கிடைக்காது. காலையில் வந்தவுடன் நீங்கள் சாதன வரிசையில் நிற்பதற்கு முன்பே, சரிவைப் பார்த்த சன்னல் ஓரமாக அவருக்கு ஓர் இடம் பிடித்து உட்காரவைத்துவிடுங்கள். தரை எங்கும் பனி உருகி வழுக்கும் என்பதால் பிடிப்பான அடிப்பகுதி கொண்ட காலணி அவருக்கு அவசியம். செருப்போடு வந்து வாகன நிறுத்தத்திலேயே விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.